நான் விழுங்கிய பத்தி

ஆஸ்பத்திரியின் மொழி உதவி மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் என்னைக் கேட்டார். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து வாங்குவது, எந்த வார்டுக்கு எந்த லிஃப்ட் என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்கு ஓய்வு பெற்ற கிழவி ஒருத்தி வேண்டியதில்லை. பயிற்சியில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பொறாமையைப் பற்றி.

நம்முடையது நடுவில் நிற்கும் வேலை. டாக்டர் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம். அவர்கள் இருவருக்கும் இடையில் நன்றி போகும், கண்ணீர் போகும், சில சமயம் பிரியம்கூடப் போகும். எல்லாம் நம் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். ஆனால் அதில் எதுவும் நமக்காக வந்தது இல்லை. இது ஒருநாள் உங்களை அரிக்கும். என்னை முதல் வாரத்திலிருந்தே அரித்தது.

தொண்ணூற்றொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கன்னட ஊரில் தமிழர்கள் நிறைந்த பேட்டையான மர்பி டவுனில், எங்கள் தேவாலய வளாகத்துக்குள் ஒரு சின்ன கிளினிக். அதை நடத்தியவர் நியூசிலாந்திலிருந்து மிஷன் ஊழியத்துக்கு வந்த ஒரு பெண் டாக்டர். பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் இருந்துவிட்டு வந்ததால் இந்தி தெரியும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள், பி.ஏ. இங்கிலீஷ். தமிழ், கன்னடம், உருது கலந்த நம்ம ஊர் தக்னி, மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு நான் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

எனக்கு முன்பே அங்கே ஒருத்தி இருந்தாள். மரகதம். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா கார்ப்பரேஷனில் தெரு பெருக்குபவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிளினிக்கைக் கூட்டித் துடைக்கத்தான் அவளை வைத்திருந்தார்கள். என் வயதுதான், ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் புடவையும் கைக்கடிகாரமும் அப்படிக் கூப்பிட வைத்திருக்க வேண்டும்.

நான் எட்டரைக்கு வருவேன். மரகதம் ஏழுக்கே வந்துவிடுவாள். நான் கேட்டைத் திறக்கும்போது, பின்பக்கப் படியில் அவளும் டாக்டரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "வேலையை ஆரம்பிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். அவளைக் கண்டால் சிரிப்பு, என்னைக் கண்டால் வேலை. எனக்கு வயிறு எரியும்.

என் முதல் தப்பு இரண்டாவது வாரத்தில் நடந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னாள். வெளியே வரிசை நீளமாக நின்றது. "மூன்று நாளாக வயிற்று வலி என்கிறாள்" என்று நான் ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த மரகதம் நிமிர்ந்தாள்.

"அக்கா, மெடிக்கல்ல மாத்திர வாங்கி போட்டுக்கினேன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. அத்த நீங்க சொல்லலியே."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இவள் என்ன சொல்கிறாள்?" என்றார். என் தப்பை நானே மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் பெண் கருவைக் கலைக்க யாரையும் கேட்காமல் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தாள். உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு எனக்கு இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, சுருக்காதே. "நீ சுருக்கினால் நான் வேறு யாருக்கோ வைத்தியம் பார்க்கிறேன்." இரண்டு, 'அவள் சொல்கிறாள்' என்று சொல்லாதே. அவள் 'எனக்கு வலிக்கிறது' என்றால் நீயும் 'எனக்கு வலிக்கிறது' என்று சொல். அவளுக்கும் எனக்கும் நடுவில் நீ தெரியக் கூடாது.

இரண்டாவது விதி பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. கல்யாணம் ஆகாத பெண் நான். ஒருநாள், "நான் தினமும் குவார்ட்டர் குடிக்கிறேன், குடித்தால் பெண்டாட்டியை அடிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிளினிக்கை மேற்பார்க்கும் தேவாலயக் கமிட்டியின் செயலாளர் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசும்போது ஓரடி தள்ளியே நிற்பார்.

விதிகளைக் கற்றுக்கொண்டேன். ஆனால் மரகதத்தை மன்னிக்கவில்லை. அன்று கதவைச் சாத்துவதற்கு முன் டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டு தேங்க்ஸ் சொன்னார். திட்டு எனக்கு, தேங்க்ஸ் அவளுக்கு. நியாயம் அவள் பக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் எரிச்சல் குறையும் என்று யார் சொன்னது.

நான் சேர்ந்த வருடமே டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காக ஊரில் கலவரம். தமிழ்க் குடும்பங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த நாட்கள். ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஓர் ஆட்டோவில் அவளை ஏற்றி, டாக்டரம்மாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கிளம்பினோம். அல்சூர் ஏரிப் பக்கம் ஆறேழு பையன்கள் வழிமறித்தார்கள். ஒருவன் கையில் கல். கன்னடத்தில் கத்தினான். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வழக்கம் விடவில்லை. "நான் உங்களை இறக்கிவிட்டு இந்த ஆட்டோவைக் கொளுத்தப் போகிறேன்" என்றேன் ஆங்கிலத்தில், ஒரு வார்த்தை விடாமல்.

டாக்டரம்மா அவனைப் பார்த்து நிதானமாகப் பேசினார். "இந்தக் குழந்தை அரை மணி நேரத்தில் பிறந்துவிடும். ஆஸ்பத்திரியில் பிறக்கட்டுமா, இந்த ரோட்டில் உங்கள் கையில் பிறக்கட்டுமா? நீங்களே சொல்லுங்கள்." எனக்குக் கெஞ்ச வேண்டும்போல இருந்தது. நாங்கள் தமிழர்கள் இல்லை என்று ஒரு பொய்யைச் சேர்த்துச் சொல்ல நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன நிதானத்திலேயே கன்னடத்தில் சொன்னேன். கல் வைத்திருந்தவன் உள்ளே எட்டிப் பார்த்தான், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான், ஒதுங்கினான். பயத்தில் இருப்பவர்கள் பேச்சை நீட்டுவார்கள். நாம் நீட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை டாக்டரம்மா என் கையை விடவில்லை. இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடமும் எனக்கே எனக்கு. மரகதத்துக்கு அதில் பங்கில்லை. பன்னிரண்டு வருடம் அதை வைத்தே ஓட்டினேன்.

டாக்டரம்மாவுக்கு நானே தமிழ் சொல்லிக் கொடுக்கலாம் என்று நோட்டுப் புத்தகம் வாங்கி, சுத்தமான வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தேன். 'தங்களுக்கு உடல்நிலை எப்படி இருக்கிறது?' அதை ஒரே ஒரு கிழவரிடம் சொல்லிப் பார்த்தார். கிழவர் திரும்பி யாரிடம் கேட்கிறார் என்று பார்த்தார். அதற்குள் அந்தப் பின்பக்கப் படியில் வேறொரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு காலை, முதல் நோயாளியைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார்.

"வா கண்ணு, ஒக்காரு. இன்னா பண்ணுது ஒடம்புக்கு?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. சந்தோஷச் சிரிப்பு. அச்சு அசலாக மரகதத்தின் குரல், மரகதத்தின் ஸ்ரீராம்புரத் தமிழ். நானும் சிரித்தேன். என் நோட்டுப் புத்தகத்தை அலமாரியின் அடித்தட்டில் போட்டேன். நாளைக்கு உங்கள் டாக்டரும் நோயாளியிடம் நேராக நாலு வார்த்தை பேசினால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். இருந்தால் நீங்கள் மோசமானவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் வாயைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் டாக்டரம்மாவுக்கு அறுபத்தைந்து ஆனது. அந்த வயதில் ஊழியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அவரை அனுப்பிய மிஷன் சங்கத்தின் விதி. வெளிநாட்டு மிஷனரி ஒருவர் கிளம்புகிறார் என்றால் வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மாதத்தில், யாருக்கு எது என்று வீட்டுச் சாமான்களின் பின்னால் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். எல்லோரும் நலம் விசாரிக்க வருவார்கள். கண் மட்டும் ஃபிரிட்ஜின் பின்பக்கம் போகும். நானும் போனேன், ஒளிப்பானேன். மர அலமாரியின் பின்னால் என் பெயர் இருந்தது. தேக்கு, ஆளுயரம், கண்ணாடி வைத்தது. வளாகத்தில் பாதிப் பேருக்கு அதன்மேல் கண். ஃப்ளாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். மரகதம் என்று தமிழில், டாக்டரம்மாவின் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. எனக்கு அந்த ஃப்ளாஸ்க்தான் வேண்டியிருந்தது. மூடி உடைந்த பழைய ஃப்ளாஸ்க்.

சீட்டு ஒட்டாத ஒன்றுதான் பாக்கி, கிளினிக்கின் பொறுப்பு. இனி வாரத்துக்கு இரண்டு நாள் வெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார். மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். சாவி அவரிடம் இருக்கும். திங்கள்கிழமை காலை பதினோரு மணிக்குக் கமிட்டி கூடி அதை முடிவு செய்யும். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு டாக்டரம்மா கிளம்புகிறார். சாவி எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதை மறுத்துப் பேசியதே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பிரியாவிடைக் கூட்டம். ஷாமியானா, சால்வை, சந்தன மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல். பின் வரிசைகளில் நோயாளிகள், மர்பி டவுனிலிருந்தும் ஸ்ரீராம்புரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக. கடைசியில், டீ டிரம்முக்குப் பக்கத்தில் மரகதம் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு நின்றாள். சங்கத்திலிருந்து இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்ததால் டாக்டரம்மா ஆங்கிலத்தில் பேசினார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். அவர் கையில் இரண்டு தாள். எந்த உரையையும் அவர் எனக்கு முன்கூட்டிக் காட்டியதில்லை. கேட்டுவிட்டுச் சொன்னால்தான் உயிர் இருக்கும் என்பார்.

ஆண்டவருக்கு நன்றி, சபைக்கு நன்றி, நோயாளிகளுக்கு நன்றி. எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ கதை எப்போது வரும் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் இதைச் சொன்னார்:

"இந்தக் கிளினிக்கில் டாக்டர் என்று எனக்குத்தான் பெயர். ஆனால் ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட வேண்டியவர் மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டால், அவர் வீட்டு வாசலில் போய் நின்றது நான் இல்லை, மரகதம். இன்று உயிரோடு இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அவளால் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பிறகு இந்தக் கிளினிக்கின் சாவி மரகதத்திடம் இருக்க வேண்டும். கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால்தான் இது நடக்கும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். என் முறை. நானூறு முகங்கள் என் வாயைப் பார்த்தன.

"டாக்டரம்மா தன்னோடு வேலை செய்த எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு விதியையும் ஒரே வாக்கியத்தில் மீறினேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் வாய் தவறியது என்று சொன்னால் அது இன்னொரு பொய். மரகதம் என்ற பெயர் தொண்டை வரை வந்தது, நான் விழுங்கினேன். ஜனங்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கமிட்டி செயலாளர் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்குத் தமிழ் தாராளமாகத் தெரியும். இரண்டாவது தாளை எடுக்கப் போனவர் எடுக்கவில்லை. இரண்டையும் மடித்தார். மைக்கில் தமிழில், "அவ்ளோதான் கண்ணு. எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவரே தமிழில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன். சொல்லியிருந்தால், பக்கத்தில் நிற்பவள் மறைத்துவிட்டாள் என்று நானூறு பேருக்கும் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த நோயாளி என்னை நம்பி வாய் திறப்பான்? அவர் எனக்குத் திங்கள்கிழமை வரை நேரம் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த இரண்டு தாளையும் என் கையில் கொடுத்தார். "சபைப் பத்திரிகைக்கு. முழுசா போடு." வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கிளினிக் அறையில் உட்கார்ந்து படித்தேன். முதல் தாள் எனக்குத் தெரியும். இரண்டாவது தாளில் நான் இருந்தேன். ஆட்டோ இருந்தது, கல் இருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு போனது இருந்தது. தனக்குத்தான் அன்று பயம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: "பன்னிரண்டு வருடம் நான் இந்த ஊரோடு இவள் குரலில்தான் பேசினேன். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு ஒரு வார்த்தையைக்கூட இவள் விட்டதில்லை. இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதிலும் ஒரு வார்த்தை குறைந்திருக்காது."

அதை அவர் அங்கே எப்படி வாசித்திருப்பார்? அது உண்மையாக இருந்த கடைசி நிமிடத்தை நான்தானே முடித்துவைத்தேன். யாரும் என்னை அதுவரை அப்படிப் பாராட்டியதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அது யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டவள் நானே.

மரகதம் குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"மரகதம், டாக்டரம்மா இன்னிக்கு உன்னப் பத்திப் பேசினாங்க."

"கேட்டேங்க்கா."

"என்ன கேட்ட?"

"பன்னண்டு வருசமா அந்த ரூம தொடைக்கிறேன். இங்கிலீஷு பேசத்தான் வராது, புரியாமயா பூடும். என் பேரச் சொன்னாங்க, சாவின்னாங்க. அப்பால நீங்க பேசனீங்க." ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். "உங்க வாயால வரும்னு பாத்துக்கினு இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல? அன்னிக்கு மாத்திரை விஷயத்துல கேட்டியே."

"அது அந்தப் பொண்ணு உசிருக்கா. இது என் பேரு. என் பேர நானே கூவிக்கினு இருக்க முடியுமா."

அவளே தொடர்ந்தாள்.

"உங்களுக்கு எம்மேல காண்டுன்னு எனக்கு மொதல்லேந்தே தெரியும். எனக்கு மட்டும் இல்லியா இன்னா. காலைல அரை மணி நேரம் எங்கூட ஒக்காருவாங்க. மிச்ச நாளு பூரா உங்க பக்கத்துலதான். உங்கள கேக்காம ஒரு வார்த்த பேச மாட்டாங்க. நா தொடப்பத்த வெச்சிக்கினு பாத்துக்கினே இருப்பேன்."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வாசலில் செயலாளர் என்னைப் பிடித்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு கமிட்டி. உங்க பேர்தாம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்களே?"

"போறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. நம்ம சபைப் பொண்ணு படிச்சிட்டு இருக்கும்போது, கூட்டித் தொடைக்கிறவ கையில சாவியக் குடுக்க முடியுமா? அந்த ஜனங்களுக்குத் தெரிஞ்சிருந்தா கலாட்டா ஆயிருக்கும். நேத்து நீங்க சமயம் பாத்து நல்லபடியா சொல்லிட்டீங்க."

பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் என் மொழிபெயர்ப்பைப் பாராட்டியது அன்றுதான். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அதே சமயம், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதாக ஒரு கணம் நினைத்தும் பார்த்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். நன்றாக இருந்தது.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கே வராந்தாவில் நாற்பது பேர். கடைசியாக ஒரு முறை டாக்டரம்மா கையால் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். நான் அறை வாசலில் நின்று முதல் தாளைப் பிரித்தேன்.

"சனிக்கிழமை டாக்டரம்மா சொன்னதுல ஒரு பத்திய நான் வேணும்னே விட்டுட்டேன். அத இப்ப சொல்றேன். அவங்க சொன்ன மாதிரியே."

தமிழில் சொன்னேன். பிறகு கன்னடத்தில். பிறகு தக்னியில். மூன்று முறையும் 'நான்' என்றே சொன்னேன். மூன்று முறையும் மரகதம் என்ற பெயரைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பெஞ்சிலிருந்த ஒரு பாட்டி, "இதுக்கு இன்னாத்துக்கு மூணு தபா? அவகிட்ட இல்லாம யாருகிட்ட இருக்கும் சாவி?" என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். வேணும்னே விட்டேன் என்று நான் சொன்னதை யாரும் மறக்கவில்லை. சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்குப் பிறகு பல மாதம், நான் சொல்லி முடித்ததும், "எல்லாத்தையும் சொன்னியாம்மா?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள். கேட்கட்டும் என்று விட்டேன்.

மருந்து வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பதினோரு மணிக்குச் செயலாளர் வந்தபோது நாற்பது பேரும் வராந்தாவிலேயே இருந்தார்கள். அந்தப் பாட்டி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாவிய மரகதத்துக்கு குடுக்கப் போறியாமே நைனா. நல்லா இருப்ப" என்றார். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. கமிட்டி பத்து நிமிடத்தில் முடிந்தது. சாவி மரகதத்துக்கு. மொழிபெயர்க்க நான், அவளுக்குக் கீழே.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பிறகு மரகதம். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ தமிழில் ஆரம்பித்தார். வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். அழுகைதான் வந்தது. கடைசியில் ஆங்கிலம் வந்தது, தடதடவென்று.

மரகதத்துக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா."

அவளுக்கு அது என் வாயால் வேண்டும். டாக்டரம்மா எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவளுக்குச் சொன்னது. என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு. எல்லாரும் எனக்கு மரியாதை குடுத்தாங்க. நீ ஒருத்திதான் எங்கூட படியில உக்காந்து டீ குடிச்ச. உன்ன மாதிரி ஒரு சிநேகிதி எனக்குக் கெடச்சதில்ல. இனிமே கெடைக்கவும் மாட்டா."

மரகதம் இப்போது டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல அந்தக் கதவ எப்டித் தொறப்பேன்னு எனக்கே தெரில. நீங்க இல்லாத ரூமு எனக்கு வாணாம். போவாதீங்கன்னு சொல்ல முடியாது. ஆனா போவாதீங்க."

டாக்டரம்மாவுக்கு இது முழுக்கப் புரிந்திருக்கும். அவளிடமிருந்து கற்ற தமிழ்தானே. இருந்தும், பன்னிரண்டு வருடப் பழக்கமோ என்னவோ, என் பக்கம் திரும்பினார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளைக் காலை அந்தக் கதவை எப்படித் திறப்பேன் என்று எனக்கே தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் இல்லாத அறை எனக்கு வேண்டாம் என்றேன். போகாதீர்கள் என்று சொல்ல முடியாது என்றேன். ஆனால் போகாதீர்கள் என்றேன்.

ஒரு வார்த்தை விடவில்லை. ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை. என் பங்குக்கு எதையும் சேர்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.